சார்பில், பதிலாக, பெயரில்: முகவர், பிரதிநிதி, பதிலி, பொறுப்பு எனும் சொற்கள் எங்கே பிரிகின்றன?

மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

அவர் சார்பில் கையெழுத்திட்டேன்.
அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டேன்.
அவர் பெயரில் கையெழுத்திட்டேன்.

பேச்சில் மூன்றையும் ஒன்றுபோலவே புழங்குகிறோம். நிதானமாகப் படித்தால் மூன்றும் மூன்று நிலைமை. முதல் வாக்கியத்தில் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் என் கையெழுத்தைத்தான் போட்டேன், ஆனால் அதற்குக் கட்டுப்படுகிறவர் அவர். இரண்டாவதில் அப்படி எதுவும் நிச்சயமில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் வரவில்லை, அந்த இடத்தில் நான் சாட்சியாக நின்றேன் என்றாலும் இதே வாக்கியம்தான். அங்கே அவருடைய அதிகாரம் என் கைக்கு வரவில்லை, அவர் இடம் மட்டும் வந்தது. மூன்றாவது ஆபத்தானது. அவருடைய பெயரை அவரே எழுதியதுபோல் நான் எழுதியிருந்தால் அதற்குப் பெயர் போலிக் கையெழுத்து.

முகவர், பிரதிநிதி, பேராளர், பதிலி, பொறுப்பு அதிகாரி, அறங்காவலர் என்று நாம் குழப்பிக்கொள்ளும் சொற்களுக்குள் இந்த மூன்றில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. எல்லாமே 'இன்னொருவருக்காகச் செயல்படுகிறவர்' என்ற ஒரே பொருள்தானே என்று தோன்றும். ஆனால் இந்தச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆளுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அதனால் இவற்றைக் கொஞ்சம் கவனமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

யாருடைய யோசனை?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அனுப்பப்பட்டவர் தன் யோசனைப்படி நடக்கலாமா, அனுப்பியவர் சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டுமா?

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. திருக்குறளில் 'தூது' 69ஆவது அதிகாரம். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். முதலாமவர் போன இடத்தின் நிலைமையைப் பார்த்து என்ன பேசுவது என்று தானே வகுத்துக்கொள்கிறவர். இரண்டாமவர் சொல்லி அனுப்பியதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவர். குறள்களிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள். "கடனறிந்து காலங் கருதி இடனறிந்து எண்ணி உரைப்பான் தலை" என்று 687ஆம் குறள் சொல்வது யோசித்துப் பேசுகிறவரை. 689ஆம் குறளில் 'விடுமாற்றம்' என்றொரு சொல் வருகிறது. அரசன் விடுத்த மாற்றம், அதாவது சொல்லியனுப்பிய சொல். அதை வேற்றரசரிடம் அஞ்சாமல் சொல்கிறவர் இரண்டாவது வகை.

அர்த்தசாஸ்திரம் இதையே மூன்றாகப் பிரிக்கிறது. முழுப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டவர் நிசிருஷ்டார்த்தர். குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் அதிகாரம் பெற்றவர் பரிமிதார்த்தர். ஓலையைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் சாசனஹரர். அமைச்சருக்குரிய தகுதி முழுவதும் உள்ளவர் முதல் வகை, அதில் கால் பங்கு குறைந்தவர் இரண்டாவது, பாதி குறைந்தவர் மூன்றாவது என்று தகுதிக்கும் அளவு சொல்கிறது. அதிகாரம் கூடக் கூட ஆளின் தகுதியும் கூட வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டால் இன்றைய சொற்கள் பல தெளிவாகிவிடும். 'பிரதிநிதி' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வகைக்கும் போடுவதுதான் பெரிய குழப்பம். தேர்தலில் வென்றவர் மக்கள் பிரதிநிதி. மாநாட்டுக்குச் சங்கம் அனுப்பி வைக்கிறவரும் பிரதிநிதி. முதலாமவர் தான் வகுத்துக் கூறுவாரா, கூறியது கூறுவாரா?

பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் தொகுதியில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் வாக்காளர்களிடம் இதைத்தான் பேசினார். உங்கள் விருப்பத்தைக் கேட்பேன், மதிப்பேன், ஆனால் என் சொந்தத் தீர்ப்பை உங்களுக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது அவர் பேச்சின் சாரம். எல்லா நாடும் எல்லா அவைக்கும் இதே பதிலைச் சொல்வதில்லை. ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் அவை புன்டஸ்டாக். அதன் உறுப்பினர்கள் யாருடைய கட்டளைக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல, தங்கள் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்று அந்நாட்டு அரசியல் சட்டம் சொல்கிறது. மாநில அரசுகள் தங்கள் ஆட்களை அனுப்பும் அவை புன்டஸ்ராட். அங்கே ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் விழ வேண்டும். வந்தவர்கள் ஆளுக்கொரு முடிவு எடுக்க முடியாது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், இரண்டு வகைத் தூதும் இருக்கின்றன.

தமிழில் இந்த இரண்டாவது வகைக்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: பேராளர். மாநாடுகளுக்கு வருகிறவர்களைப் பேராளர் என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். ஓர் அமைப்பின் பேரைத் தாங்கி வருகிறவர் என்று பொருள் கொள்ளத் தோதான சொல். தன் அமைப்பு எடுத்த முடிவைச் சுமந்து வருகிறவரைப் பேராளர் என்றும், தானே யோசித்து முடிவெடுக்கும் உரிமையோடு தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பிரதிநிதி என்றும் நாம் எழுதிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். அகராதி இப்படிக் கறாராகப் பிரிக்கவில்லைதான். ஆனால் சொல் கையில் இருக்கும்போது பயன்படுத்தாமல் விடுவானேன்?

முகவர் யாருடைய முகம்?

முகவர் என்ற சொல்லில் 'முகம்' கண்ணுக்குத் தெரிகிறது. எதிரே இருப்பவருக்கு இவருடைய முகம்தான் தெரியும், பின்னால் இருப்பவர் வேறொருவர். இந்த உறவில் எப்போதும் மூன்று பேர் உண்டு: உரியவர், முகவர், எதிர்த்தரப்பு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 182ஆம் பிரிவில் தருகிற வரையறையும் இதுதான். இன்னொருவருக்காக ஒரு செயலைச் செய்ய, அல்லது மூன்றாமவருடன் நடக்கும் விவகாரத்தில் அவர் சார்பாக நிற்க அமர்த்தப்பட்டவர் முகவர். அதிகாரத்துக்கு உட்பட்டு முகவர் செய்தது உரியவரே செய்ததற்குச் சமம். லாபமும் அவருக்கு, வில்லங்கமும் அவருக்கு.

தரகரை இதோடு குழப்பக்கூடாது. தரகர் இரண்டு தரப்பையும் சந்திக்க வைக்கிறார், பேச வைக்கிறார். அவர் "சரி" என்று சொன்னால் யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. விநியோகஸ்தரும் பொதுவாக முகவர் அல்ல. பொருளைத் தன் பணத்தில் வாங்கித் தன் பொறுப்பில் விற்கிறவர் அவர்.

காப்பீட்டில் இந்த வேறுபாடு நேராக நம்மைத் தொடுகிறது. காப்பீட்டு முகவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார், நம் வீட்டுக்கு வருவார், படிவத்தை நிரப்ப உதவுவார். அதனால் நம் ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் காப்பீட்டு நிறுவனத்தின் முகம். காப்பீட்டுத் தரகர் என்று தனியே ஒருவர் உண்டு, அவர்தான் வாடிக்கையாளர் பக்கம் நிற்பவர். அதனால் முகவர் என்று யாராவது அறிமுகம் செய்துகொண்டால் அடுத்த கேள்வி 'யாருக்கு முகவர்?' என்பதாக இருக்க வேண்டும். 'முகவர்' என்று தனியாகச் சொன்னால் அந்தச் சொல் பாதிதான்.

இன்னொன்றும் உண்டு. அதிகாரம் கொடுக்காமலே ஒருவரை உங்கள் முகவராக உலகம் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டால், நம்பியவர் நட்டப்படக் கூடாது என்பதற்காகச் சட்டம் உங்களைக் கட்டும். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறும்போது அந்த ஆளிடம் மட்டும் சொன்னால் போதாது, அவரோடு விவகாரம் வைத்திருப்பவர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

வக்கீல் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். அரபியில் 'வக்கீல்' என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர், முகவர். முகலாயர் காலத்தில் ஓர் அரசரின் சார்பில் இன்னோர் அரசவையில் இருந்தவரையும் வக்கீல் என்றே அழைத்தார்கள். நீதிமன்ற வழக்கறிஞர் என்று பொருள் குறுகியது பிறகு. 'வக்காலத்து' அதே வேரிலிருந்து வந்தது. வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அது. "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியின் கூர்மை இப்போது புரியும். உன்னை யார் அமர்த்தினார்கள், யார் உனக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

எப்போது முடிகிறது?

அதிகார ஆவணத்தைப் பேச்சில் 'பவர்' என்கிறோம். "தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கேன்." இலங்கையில் அற்றோணித் தத்துவம் என்று எழுதுவார்கள். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் கொடுத்தால் சிறப்பு அதிகாரம், பல காரியங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தால் பொது அதிகாரம்.

இதில் பலர் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. அப்பா மகனுக்குப் பவர் கொடுத்திருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார். பவர் கையில் இருக்கிறதே என்று மகன் அதை வைத்துச் சொத்தை விற்கப் போகிறார். பொதுவாக அது செல்லாது. கொடுத்தவர் இருக்கும்வரைதான் அந்த அதிகாரத்துக்கு உயிர். தந்தவரே இல்லை என்றால் யார் சார்பில் கையெழுத்துப் போடுவது? முகவருக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை ஏதும் இருந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அது தனிக் கதை.

உயிலை நிறைவேற்றும்படி நியமிக்கப்பட்டவர் இதற்கு நேர் எதிர். அவரை உயில் நிறைவேற்றுநர் என்பார்கள். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை இவருக்கு ஓர் அதிகாரமும் கிடையாது. அவர் இறந்த பிறகுதான் இவர் வேலை தொடங்குகிறது. ஒரே மனிதர் தன் மகனுக்குப் பவரும் கொடுத்து, அதே மகனை உயில் நிறைவேற்றுநராகவும் வைத்திருக்கலாம். அப்போது மகனின் முதல் அதிகாரம் முடிகிற நொடியில் இரண்டாவது தொடங்கும். இரண்டும் வேறு வேறு காகிதங்கள், வேறு வேறு கடமைகள். முதலாவதில் அப்பா சொன்னபடி செய்கிறார். இரண்டாவதில் அப்பா எழுதி வைத்தபடி மற்றவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிக்கிறார்.

நியமனதாரர், பேச்சில் நாமினி, இதே இடத்தில் குழப்பும் மூன்றாவது சொல். வங்கிக் கணக்குக்கு நாமினி என்றால் அந்தப் பணம் அவருக்கே சொந்தம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. பணம் யாருக்குச் சேரும் என்பதை வாரிசுரிமையும் உயிலும்தான் முடிவு செய்யும். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக வைத்தால் பணம் அவர்களுக்கே உரியது. ஆக, நாமினி பெரும்பாலும் கையேந்தி வாங்குகிற உரிமை பெற்றவர், வைத்துக்கொள்கிற உரிமை பெற்றவர் அல்ல.

யாரும் அனுப்பாதவர்கள்

இதுவரை சொன்னவர்கள் எல்லோருக்கும் பின்னால் 'போய் வா' என்று சொன்ன ஒருவர் உண்டு. காப்பாளருக்கு அப்படி இல்லை. சிறு குழந்தை தன் காப்பாளரை நியமிப்பதில்லை, சட்டமோ நீதிமன்றமோதான் நியமிக்கிறது. அதனால் அவர் குழந்தையின் சொல்லுக்கு அல்ல, குழந்தையின் நலனுக்குக் கட்டுப்பட்டவர். "நீ கேட்டதைச் செய்தேன்" என்பது அவருக்கு ஒரு விடையே ஆகாது.

அறங்காவலர் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறார். முகவரிடம் சொத்து இருந்தாலும் உடைமை உரியவருடையதே. அறங்காவலரிடமோ உடைமையே ஒப்படைக்கப்படுகிறது, பத்திரத்தில் அவர் பெயர் வரலாம். ஆனால் பயன் முழுக்க வேறொருவருக்கு. கையில் முழு உடைமை, அனுபவிக்கும் உரிமை மட்டும் இல்லை. இவ்வளவு நம்பிக்கை வைக்கும் உறவு என்பதால்தான் இதற்குச் சட்டம் வகுத்திருக்கும் கடமைகளும் கடுமையாக இருக்கின்றன.

இதன் தலைகீழ் வடிவம் பினாமி. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'நாம்' என்றால் பெயர். உண்மை உரிமையாளரின் பெயர் இல்லாத சொத்து. பினாமியிடம் பெயர் மட்டும் இருக்கிறது, அதிகாரம் இல்லை. முகவரிடமோ அதிகாரம் இருக்கிறது, சொத்தில் அவர் பெயர் இல்லை. செய்தித்தாளில் யாரையாவது 'பினாமி' என்று எழுதுவதும் 'முகவர்' என்று எழுதுவதும் எவ்வளவு வேறான குற்றச்சாட்டு என்று இதை வைத்துப் பாருங்கள். ஒன்று குற்றம், மற்றது தொழில்.

வாக்குச்சாவடிக்குள் ஒரு நிமிடம்

இந்தியாவில் ஒரு வாக்குச்சாவடிக்குள் நுழைந்தால் இந்தச் சொற்களில் பலவும் ஒரே அறையில் இருக்கின்றன. சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் வாக்குச்சாவடி முகவர்கள். அதிகாரம் தந்தவர் வேட்பாளர். அவருக்காகக் கவனிக்கலாம், ஆட்சேபிக்கலாம், அவருக்காக வாக்களிக்க முடியாது. மேசைக்குப் பின்னால் இருக்கும் அலுவலர்கள் வேறு வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். தேர்தல் முடியும்வரை அவர்கள் தேர்தல் ஆணையத்துக்கு அயற்பணியில் இருப்பவர்களாகவே சட்டம் கருதுகிறது. சம்பளம் தருவது ஓர் இடம், கட்டளை வருவது இன்னோர் இடம்.

வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் பதிலி வாக்காளராக இருக்கலாம். படைவீரர்கள் சிலருக்கு, தங்கள் வாக்கைப் போட ஊரில் ஒருவரை நியமித்துக்கொள்ளும் வசதியை 2003இல் சட்டம் தந்தது. பதிலி தன் வாக்கையும் போடலாம், வீரரின் வாக்கையும் போடலாம். தன் வாக்குக்கு இடது ஆள்காட்டி விரலில் மை, வீரரின் வாக்குக்கு இடது நடுவிரலில் மை. ஒரே கையில் இரண்டு அதிகாரங்கள் தனித்தனி அடையாளத்தோடு இருப்பதை இவ்வளவு கண்கூடாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இத்தனை பேரும் சேர்ந்து உருவாக்கப்போவது ஒரு மக்கள் பிரதிநிதியை.

பதிலிக்கும் பிரதிநிதிக்கும் உள்ள வேறுபாட்டை நிறுவனங்களின் பொதுக்கூட்டத்தில் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பங்குதாரர் வர முடியாவிட்டால் பதிலியை அனுப்பலாம். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகப் படிவம் போய்ச் சேர வேண்டும். அந்தப் பதிலி கூட்டத்தில் பேச முடியாது. கைதூக்கி வாக்களிக்கவும் முடியாது, வாக்குச்சீட்டு முறையில் எண்ணும்போது மட்டுமே வாக்களிக்கலாம். ஆனால் பங்குதாரரே ஒரு நிறுவனமாக இருந்து, தன் இயக்குநர் குழுவின் தீர்மானத்தோடு ஒருவரை அனுப்பினால், அவர் பிரதிநிதி. எழுந்து பேசலாம், கேள்வி கேட்கலாம், நேரில் வந்த பங்குதாரருக்கு உள்ள உரிமை எல்லாம் உண்டு. அடுத்தடுத்த நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு வாய் உண்டு, ஒருவருக்கு இல்லை.

துணையும் பொறுப்பும்

அலுவலகப் பதவிப் பெயர்களில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களுக்கு வருவோம். துணை, உதவி, இணை, கூடுதல், சார் ஆகியவை ஒரு பக்கம். இவை நிரந்தரமான தனி நாற்காலிகள். துணை ஆட்சியருக்கும் சார் பதிவாளருக்கும் அவர்களுக்கென்றே வேலை உண்டு, தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 'பொறுப்பு', 'பதில்', 'தற்காலிக' ஆகியவை மறுபக்கம். இவர்கள் உட்காருவது இன்னொருவர் நாற்காலியில். தமிழ்நாட்டில் 'தலைமை ஆசிரியர் (பொறுப்பு)' என்று பெயருக்குப் பின்னால் வரும். இலங்கையில் 'பதில் நீதவான்' என்று முன்னால் வரும். அங்கே 'பிரதி அமைச்சர்' என்றால் இங்கே துணை அமைச்சர். பிரதிக்கும் பதிலுக்கும் உள்ள வேறுபாடு அறியாமல் இலங்கைச் செய்தியைப் படித்தால் யார் நிரந்தரம், யார் தற்காலிகம் என்பதே தெரியாது.

துணையாக இருப்பவர் தலைவர் இல்லாதபோது தலைவராகிவிடுகிறாரா, தலைவர் வேலையைப் பார்க்கிறாரா? இரண்டும் ஒன்றல்ல. 1841இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரிசன் பதவியேற்று ஒரு மாதத்தில் இறந்தார். துணைத் தலைவர் ஜான் டைலர் தன்னைப் பொறுப்புத் தலைவர் என்று அழைப்பதை ஏற்கவில்லை, தலைவரே என்று உறுதியாக நின்றார். நடைமுறையில் அவர் சொன்னதே நிலைத்தது. 1967இல் அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தம் அதை எழுத்தில் கொண்டுவந்தது. தலைவர் இறந்தாலோ விலகினாலோ துணைத் தலைவர் தலைவர் ஆகிறார். தலைவரால் பணியாற்ற முடியாத நிலை என்றால் பொறுப்புத் தலைவராக மட்டும் இருப்பார்.

இந்தியாவில் வேறு ஏற்பாடு. குடியரசுத் தலைவர் இறந்தாலும் துணைத் தலைவர் அந்தப் பணியைப் பார்ப்பவர் மட்டுமே, ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் காலமானபோது வி.வி.கிரி பொறுப்பேற்றார். தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் விலகினார். துணைத் தலைவர் பதவியும் காலியானதால் தலைமை நீதிபதி இதயதுல்லா குடியரசுத் தலைவர் பணியைப் பார்த்தார். ஆகஸ்டில் கிரி வென்று வந்தார். மே மாதத்துக் கிரியும் ஆகஸ்டு மாதத்துக் கிரியும் ஒரே மனிதர், உட்கார்ந்ததும் ஒரே நாற்காலி. முதல் தடவை அவர் பொறுப்பில் இருந்தவர், இரண்டாவது தடவை அதற்கு உரியவர்.

துணையாகத் தொடங்கிய சொல்லே காலப்போக்கில் எசமானராகிவிடுவதும் உண்டு. 'நாயப்' என்றால் அரபியில் பதிலாள், துணை. அதன் பன்மையிலிருந்து பிறந்தது 'நவாப்'. ஆற்காட்டு நவாப் சட்டப்படி தக்காணத்து நிஜாமின் கீழ் இருந்தவர். நிஜாமோ டெல்லிப் பேரரசரின் பிரதிநிதி. அனுப்பியவரின் பிடி தளரத் தளர, அனுப்பப்பட்டவரின் பட்டம் அரசருடைய பட்டமாகவே ஒலிக்கத் தொடங்கியது. இன்றைக்கு "பெரிய நவாபு" என்று சொல்லும்போது யாருக்கும் துணையாள் நினைவுக்கு வருவதில்லை. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் 'காரியத்துக்குக் கர்த்தர்' என்று ஒரு தொடர் வரும். அரசரின் காரியத்தைப் பார்க்கும் முகவர் என்ற பொருளில். மதுரையில் அப்படிக் காரியம் பார்க்க வந்தவர்களின் வழியினர் பின்னாளில் தாங்களே ஆண்டார்கள்.

கைமாற்ற முடியுமா?

உங்களுக்குத் தரப்பட்ட அதிகாரத்தை நீங்கள் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்கலாமா? பொதுவான விடை, கூடாது. தந்தவர் அனுமதித்திருந்தாலோ, அந்தத் தொழிலின் வழக்கமே அப்படி இருந்தாலோ மட்டும் உண்டு. காரணம் திருக்குறளின் 517ஆம் குறளில் இருக்கிறது.

இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து
அதனை அவன்கண் விடல்.

காரியத்தையும் கருவியையும் ஆளையும் பொருத்திப் பார்த்துத்தான் ஒப்படைக்கிறோம். 'இவன்' முடிப்பான் என்று ஆராய்ந்துதான் 'அவன்கண்' விடுகிறோம். அவன் அதை வேறொருவனிடம் தள்ளிவிட்டால் நாம் செய்த ஆராய்ச்சி முழுவதும் வீணாகிறது, நாம் பார்த்தே இராத ஒருவர் நம் பெயரில் நடமாடத் தொடங்குகிறார். தெரிந்தே அதிகாரத்தை மீறி ஒருவர் செய்த காரியத்தைக்கூட உரியவர் பிறகு ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொண்டால் அது தொடக்கத்திலிருந்தே அவர் செய்ததாக ஆகிவிடும். நாடுகளுக்கும் இதே விதிதான். அதிகாரம் இல்லாதவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அவருடைய நாடு பின்னர் உறுதி செய்யாதவரை அதற்கு மதிப்பில்லை என்று ஒப்பந்தங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை சொல்கிறது.

ஒப்படைப்பதால் ஒப்படைத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பொறுப்பு' என்ற சொல்லின் வேர் 'பொறு'. தாங்குதல், சுமத்தல். அதிகாரத்தைக் கைமாற்றலாம், சுமையை முழுவதும் இறக்கி வைக்க முடியாது.

இனி ஓர் அரசாங்கக் கடிதம் கையில் வந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய வரியைப் படித்துப் பாருங்கள். 'மாவட்ட ஆட்சியருக்காக' என்று இருந்தால், கையெழுத்திட்டவர் வேறொருவர், பேசுவது ஆட்சியர். 'மாவட்ட ஆட்சியர் (பொறுப்பு)' என்று இருந்தால், கையெழுத்திட்டவரே அப்போதைக்கு ஆட்சியர். தமிழ்நாட்டு அரசாணைகளின் முடிவில் செயலாளர் பெயருக்கு மேலே '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று இருக்கும். அந்த ஆணையை முடிவு செய்தது அமைச்சரவையாகவோ ஓர் அமைச்சராகவோ இருக்கலாம், கையெழுத்து செயலாளருடையது. ஆனால் மாநில அரசின் நிர்வாகச் செயல்கள் எல்லாம் ஆளுநரின் பெயரால் வெளியிடப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்கிறது. முடிவு ஒருவருடையது, கையெழுத்து ஒருவருடையது, பெயர் ஒருவருடையது. மூன்றும் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் அங்கே 'பெயரால்' என்பது போலி ஆகவில்லை.